ஒன்றாக்கவா என்று கேட்டது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி சமாச்சாரங்களில் நம்பிக்கை கிடையாது. திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொல்வதே பெரிய காரியம். இங்கே ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர் தனக்குச் சித்தர் காட்சி கொடுத்த கதையைச் சொல்லிவிடுவார். என் தாய்மாமன் ஏழுமலைக்கே ஒரு கதை உண்டு. அடி அண்ணாமலை பக்கம் அவரிடம் ஒரு சித்தர் வந்து பீடிக்கு நெருப்பு கேட்டாராம், கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோமாம். சித்தருக்கு நெருப்பு வேண்டுமென்றால் அவரே வரவழைத்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டு, அன்றைக்கு முழுக்க மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டு முடித்ததும் இவளுக்கு மரை கழன்றுவிட்டது என்று நீங்கள் சொல்லலாம், ஒரு டாக்டர் ஏற்கெனவே அதை மரியாதையான வார்த்தையில் சொல்லிவிட்டார், அதனால் எனக்கு வருத்தமில்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் அறை. நான்கு பெண்கள். சென்னையில் இருக்கிற ஒரு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு ஆள் தேடிக் கொடுக்கிறோம். கம்பெனிக்காரர்கள் இப்படி இப்படி ஆள் வேண்டும் என்று சொல்வார்கள். நாங்கள் இணையத்தில், உத்தியோகம் பார்க்கிறவர்கள் எல்லாம் போட்டோவும் போட்டு, படித்தது வேலை பார்த்தது எல்லாவற்றையும் இங்கிலீஷில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே அளந்து வைத்திருக்கிற தளங்களில் போய்த் தேடுவோம். முன்பெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் சாஃப்ட்வேரில் டைப் அடிக்க வேண்டும். இப்போது திரையின் மூலையில் சின்னதாக ஒரு பொத்தான் வந்துவிட்டது. ஒருவருடைய பக்கத்தைத் திறந்துகொண்டு அதை அழுத்தினால் போதும், பெயர், படம், படிப்பு, வேலை எல்லாம் அப்படியே எங்கள் சாஃப்ட்வேருக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஆளையே தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி. இன்னைக்கு எத்தினி பேரை இழுத்தே என்றுதான் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஒரே ஆள் நாலு தளத்தில் தன்னைப் போட்டு வைத்திருப்பான். ஆளுக்கு ஒரு பக்கமாக இழுத்தால் அவனுக்கே எங்களில் இரண்டு பேர் போன் செய்து, அவன் எரிந்து விழுவான். அதனால் அதே பெயர், அதே படிப்பு என்று கண்டால் சாஃப்ட்வேரே கேட்கும், இவர் ஏற்கெனவே இருக்கிறார், ஒன்றாக்கவா என்று. நாங்கள் ஆம் என்று தட்டிவிடுவோம். ஒன்றில் காலியாக இருக்கிற இடத்துக்கு மற்றொன்றில் இருப்பது வந்துவிடும், இரண்டிலும் இருந்தால் புதியது நிற்கும், பழையது போய்விடும். நாள் முழுக்க இதே வேலையாக இருப்பதால் அந்தக் கேள்வியை யாரும் படிப்பதுகூட இல்லை, கை தானாக ஆமில் போய் நின்றுவிடும்.

என் தம்பி பெயர் தினேஷ். எங்களுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா போன பிறகு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா வேங்கிக்காலுக்கு என்னோடு வந்துவிட்டாள். தினேஷ் நல்ல கருப்பு. என்னைவிட உயரம் கம்மி. வலது புருவத்தில் தையல் போட்ட தழும்பு, சின்ன வயதில் பம்ப்செட் தொட்டியில் விழுந்தது. காது இரண்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். சிரித்தால் ஒரு பக்க உதடு மட்டும் மேலே ஏறும். இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

சென்னையில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்துக்கொண்டிருந்தான், அந்த ஆபீசை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்தான். பிறகு அந்தத் தளம் ஒன்றிலேயே அவனுக்கு யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள், பாங்காக்கில் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுகிற வேலை, தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு என்று. எனக்கு விஷயத்தைச் சொன்னதே டிக்கெட் எடுத்த பிறகுதான். போய் இறங்கினதும் விமான நிலையத்தில் நின்று ஒரு படம் அனுப்பினான். அப்புறம் ஒரே ஒரு போன்.

"அக்கா, இது சொன்ன எடம் இல்லக்கா. வண்டியில ஏத்தி ஆத்தைத் தாண்டி எங்கயோ கூட்டிட்டு வந்துட்டாங்க. வெளிய விடமாட்டேங்கறாங்க. எந்த ஊருன்னே தெரியல" என்றான். குரல் தொண்டைக்குள்ளேயே இருந்தது. அத்தோடு சரி, போன் அணைந்துவிட்டது.

டிவியில் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அடைத்து வைத்து, ஊரிலிருப்பவர்களைப் போனில் ஏமாற்றச் சொல்லி அடிக்கிறார்கள் என்று. செய்தியில் வரும்போது பாவம் என்று சொல்லிவிட்டு சேனலை மாற்றிவிடுவோம். நம் வீட்டுப் பிள்ளை என்றால் மாற்ற முடியாது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் செருப்பில்லாமல் மலையைச் சுற்றினாள். திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் நானும் அவளும் போய் வரிசையில் நின்றோம். அங்கே யாரும் எங்களைத் துரத்தவில்லை, உட்காரச் சொல்லி நன்றாகத்தான் கேட்டார்கள். எந்த ஊரும்மா, எந்தக் கட்டடம், ஒரு போன் நம்பராவது இருக்கா என்று. எங்களிடம் எதுவும் இல்லை. ஆத்தைத் தாண்டி என்று சொன்னான் சார் என்று அம்மா ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வாள். அதை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் சாஃப்ட்வேரில் இழுத்துப் போட்டவர்கள் தங்கள் பக்கத்தில் ஏதாவது மாற்றினால் எங்களுக்கு மணி அடித்துக் காட்டும். வேலை மாறப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள வைத்த வசதி. தினேஷுடைய பக்கம் அந்தத் தளத்தில் அப்படியே இருந்தது, நீலச் சட்டை போட்ட படத்தோடு. எப்போதாவது, யாராவது அசந்த நேரத்தில், அவன் அதைத் தொட்டால் எனக்குத் தெரியுமே என்று அவனையும் ஒரு ஆளாக இழுத்துப் போட்டேன். தினமும் ஆபீஸ் போனதும் முதல் வேலை அவனைத் திறந்து பார்ப்பதுதான். ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த நீலச் சட்டையைப் பார்த்தால் அன்றைய பொழுதை ஓட்டிவிடலாம் என்று இருக்கும்.

அது ஒரு பௌர்ணமி. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் போன் வேலை செய்யாது. அவ்வளவு கூட்டம், அத்தனை பேர் கையிலும் ஒரு போன், டவர் எத்தனை பேரைத்தான் தாங்கும். பக்கத்துத் தெருவுக்குப் பேசக்கூட நடந்துதான் போக வேண்டும். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும் என்பதால் மற்ற மூன்று பெண்களும் லீவு போட்டிருந்தார்கள். அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு மலை சுற்றப் போய்விட்டாள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று நான் மட்டும் ஆபீசுக்கு வந்தேன். ஆபீஸ் நெட் ஒயரில் வருவது, அது ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், மணி அடித்தது. தினேஷ் பக்கத்தில் மாற்றம் என்று திரையில் வந்தது.

கையைக்கூடக் கழுவவில்லை. திறந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை, அதே படம், அதே எழுத்து. ஒரு புள்ளி மாறியிருக்கிறதா என்று மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். சரி, மறுபடி இழுத்துப் பார்ப்போம், அதிலாவது தெரியுமா என்று மூலையில் இருந்த பொத்தானை அழுத்தினேன். இவர் ஏற்கெனவே இருக்கிறார், ஒன்றாக்கவா என்று கேட்டது. நான்தான் அவனை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறேனே, கை போய் ஆம் என்று தட்டிவிட்டது.

தட்டின பிறகுதான் கண்ணில் பட்டது. அது காட்டியது நான் போட்ட தினேஷ் இல்லை, வேறு ஒரு தினேஷ். அதே இனிஷியல், கிட்டத்தட்ட அதே டிப்ளமோ. எப்போதோ எங்களில் ஒருத்தி இழுத்துப் போட்டது போலிருக்கிறது. அதில் படம் இல்லை, ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது. நான் தடுப்பதற்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டது. இப்போது திரையில் என் தம்பியின் படம், அவன் படிப்பு, எங்கள் விலாசம், அதற்குக் கீழே ஏதோ வெளிநாட்டு எண்ணில் தொடங்குகிற அந்த நம்பர்.

புத்தி இருந்தால் அது மற்றவனுடைய நம்பர் என்று தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குப் புத்தி எங்கே இருந்தது, தம்பி படத்துக்குக் கீழே ஒரு நம்பரைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். என் செல்லை எடுத்து அடித்தேன். ஊரில் யாருக்கும் போன் போகாத நாள் என்பது நினைவே இல்லை. நம்பினால் நம்புங்கள், ஒரு ரிங் போனதும் எடுத்தார்கள், பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவு.

"சொல்லுங்க மேடம்" என்றது குரல்.

என் தம்பி குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா. பிறந்ததிலிருந்து அவன் என்னை மேடம் என்று கூப்பிட்டதில்லை, பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று உடனே புரிந்துவிட்டது. அங்கே அவர்களுக்குப் போனில் பேசுவதுதான் வேலை, அதனால் பேசினால் சந்தேகம் வராது, அழுதால்தான் வரும். நான் அழவில்லை. தினமும் நூறு பேரிடம் பேசுகிற ஆபீஸ் பேச்சு என் வாயில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"தினேஷ், உங்க ப்ரொஃபைல் பார்த்தோம். ஒரு வேலை விஷயமா பேசணும். இப்ப எந்த ஊர்ல இருக்கீங்க?"

ஊர் பெயரைச் சொன்னான். அதை இங்கே சொல்ல எனக்கு விருப்பமில்லை. லேண்ட்மார்க் ஏதாவது என்று கேட்டேன், ஆற்றங்கரை, மஞ்சள் கட்டடம், எந்த மாடி, எதிரே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். டப்பா மூடியின் பக்கத்தில் கிடந்த பில் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். சாம்பார் கை, காகிதமெல்லாம் மஞ்சள்.

ஒரு விஷயம் மட்டும் அப்போதே உறுத்தியது. அவன் சொல்கிற ஒவ்வொரு பதிலும் இரண்டு தடவை கேட்டது. லைனில் எதிரொலி என்றுதான் நினைத்தேன். ஆனால் எதிரொலி பின்னால்தானே வரும், இதில் முதலில் வருகிற குரல் மெலிதாகவும் அடுத்து வருகிற குரல் பலமாகவும் இருந்தது. ஒருவர் சொல்லிக் கொடுக்க இன்னொருவர் சொல்கிற மாதிரி.

"நோட்டீஸ் பீரியட் எவ்ளோ?" என்றேன். இதைக் கேட்கும்போதுதான் என் குரல் உடைந்தது.

"அதெல்லாம் இல்ல மேடம். இன்னைக்கே வரச் சொன்னாலும் வந்துடுவேன்."

"வேற ஊருக்கு வர்றதுக்கு ரெடியா?"

"எங்க கூப்பிட்டாலும் வரேன் மேடம். கூப்பிடுங்க."

லைன் போய்விட்டது. திரும்ப அடித்தேன், அடித்தேன், அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் கேட்ட அதே டொய்ங் டொய்ங்தான். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் கீழ் ஜெராக்ஸ் கடை ரஹீம் பாய் நின்றுகொண்டிருக்கிறார். காலையிலிருந்து அவருக்கு ஒரு போனும் போகவில்லையாம், நான் பேசுகிற சத்தம் கேட்டு, இந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படி டவர் கிடைக்கிறது என்று கேட்க மேலே வந்திருக்கிறார். அவர் இன்றைக்கும் அதே கடையில்தான் இருக்கிறார், என்னை நம்பாவிட்டால் அவரைக் கேளுங்கள்.

மறு திங்கட்கிழமை மனுவோடு சாஃப்ட்வேரில் இருந்த அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்தேன். பெயர், படம், நம்பர் எல்லாம் அதில் இருந்தது, அவன் சொன்ன இடத்தையும் நானே அதில் ஏற்றியிருந்தேன். இந்தத் தடவை வேலை மளமளவென்று நடந்தது. இங்கிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து டெல்லிக்கு, அங்கிருந்து தூதரகத்துக்கு என்று போயிருக்கிறது. ஒரு நாள் காலை போன் வந்தது, உங்க தம்பி கெடைச்சிட்டாரும்மா, மத்த பிள்ளைங்களோட வராரு, ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்க என்று. அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்து அணைந்தது, யாரும் எழுந்து பார்க்கவில்லை. நான் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த கடைசி நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஏழுமலை மாமா வண்டி பிடித்தார். சென்னைக்குப் போகிற வழியெல்லாம் அம்மா ஓயாமல் பேசினாள், வந்ததும் அவனுக்கு என்ன செய்து போட வேண்டும், எங்கேயும் அவனை இனிமேல் அனுப்பக் கூடாது என்று. ஏர்போர்ட்டில் கம்பி ஓரமாக நின்றோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், எல்லோரும் எலும்பும் தோலுமாக, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. அதில் ஒரு பையன், நல்ல உயரம், மாநிறம், எங்களைப் பார்த்து நின்றான். யாரோ என்று நான் அவனைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

பாவம், அம்மாவுக்குக் கண் சரியில்லை, ஆள் மாறிக் கட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். விலக்கிவிடலாம் என்று போவதற்குள் மாமாவும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். மாமாவுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

"மாமா, யார் இது? தினேஷ் எங்க?" என்றேன்.

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பையனும் பார்த்தான். "அக்கா" என்றான். குரலில் பாதி என் தம்பி இருந்தான், அது எனக்குத் தெரிந்தது, மிச்சப் பாதி யாரென்று தெரியவில்லை. கூட வந்த அதிகாரி ஒரு தாளைக் காட்டினார். பாஸ்போர்ட்டை அங்கேயே பிடுங்கிக்கொண்டதால் ஊருக்கு வர அவசரத்துக்குக் கொடுத்த தாள். அதில் இவன் முகம், என் தம்பி பெயர், எங்கள் அப்பா பெயர், எங்கள் விலாசம். நான் புருவத்தைப் பார்த்தேன், தழும்பு இல்லை. காதைப் பார்த்தேன், ஒட்டினாற்போல இருந்தது. நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். என் தம்பி உள்ளே இருக்கான், இன்னும் வரல, விடுங்க என்று கம்பியைத் தாண்டப் போனேன். மாமாதான் என்னைத் தூக்காத குறையாக வண்டியில் ஏற்றினார்.

"அடிச்சி அடிச்சி புள்ளைய உருமாத்தி அனுப்பியிருக்கானுங்க, அதான்டி உனக்கு அடையாளம் தெரியல" என்று வழி முழுக்க அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றி எடுத்து அவர்கள் முன்னால் போடலாம் என்று ஓடினேன். என் கல்யாணப் பேச்சு நின்றுபோவதற்கு முன்னால் ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். நான், அம்மா, நடுவில் இந்தப் பையன். என் போனைத் திறந்தேன், தினேஷ் எனக்கு அனுப்பின படம், விமான நிலையத்தில் நின்று எடுத்தது, இந்தப் பையன். அவனுடைய பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ, இந்தப் பையன். மறுநாள் ஆபீசில் போய்ப் பார்த்தேன், நீலச் சட்டைக்குள்ளும் இவன்தான் சிரித்துக்கொண்டிருந்தான், இரண்டு பக்க உதடும் சமமாக.

யாரிடம் கேட்டாலும் இவன்தான் தினேஷ். ரஹீம் பாய், பக்கத்து வீட்டு அக்கா, கிராமத்தில் அவனோடு படித்தவர்கள், எல்லோரும். சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு போன் போட்டேன். ஒன்றாக்கினதைப் பிரித்துக் கொடுங்கள், அந்த இன்னொரு தினேஷுடைய ஊர், விலாசம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள், ஒருமுறை சேர்த்துவிட்டால் பிரிக்க முடியாது மேடம், பழையது தங்காது என்று. மாமா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். நெருங்கின சொந்தத்தையே வேறு ஆள் என்று நினைக்கிற ஒரு நோய் இருக்கிறது, ரொம்ப மன அழுத்தம் இருந்தால் வரும், பயப்பட வேண்டாம் என்று மாத்திரை கொடுத்தார். இன்றைக்கும் அதைப் போட்டுக்கொள்கிறேன். தூக்கம் வருகிறது. முகம் மட்டும் மாறவில்லை.

அவன் கெட்டவனாக இருந்தாலாவது சண்டை போடலாம், தங்கமான பையன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மொபைல் கடையில் வேலைக்குப் போகிறான், சாயந்திரம் வரும்போது அம்மாவுக்கு முழங்கால் தைலம் வாங்கிக்கொண்டு வருகிறான். பௌர்ணமிக்கு அவளைக் கைபிடித்து மலை சுற்றக் கூட்டிப் போகிறான். அம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டது, சிரிக்கிறாள். வீட்டுக் கதை, சொந்தக்காரர் பெயர் எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. ஆனால் சில நாள் காலையில் வாசலில் நின்று காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "காத்து திரும்பிடுச்சி, இன்னிக்கு போட்டு எறக்க மாட்டாங்க" என்பான். திருவண்ணாமலையில் ஏது கடல், ஏது படகு. அங்க ஆத்தோரமா வெச்சிருந்தாங்கல்ல, அந்த ஞாபகம் என்று அம்மா சொல்லிவிடுவாள்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவனிடம் அந்தப் போனைப் பற்றிக் கேட்டேன். நீதான் என்னோடு பேசினாயா என்று.

"நான்தான்கா பேசினேன். ஆனா ஒண்ணு, நீ கேள்வி கேட்டதும், நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பக்கத்துல யாரோ பதில் சொல்ற மாதிரி இருந்துச்சி. நான் அதையேதான் திருப்பிச் சொன்னேன்."

"பக்கத்துல யார் இருந்தாங்க?"

"யாருமில்லக்கா. எனக்குப் பக்கத்து நாற்காலி காலிதான்."

சொல்லிக் கொடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியும். என் தம்பி அங்கேதான் இருக்கிறான். அக்கா கூப்பிடுகிறாள், எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். மற்ற பிள்ளைகளைத் தேட அவரவர் வீட்டில் ஆள் இருக்கிறது. என் தம்பியைத் தேட யாருமில்லை, ஏனென்றால் அவன்தான் வீட்டுக்கு வந்துவிட்டானே.

போன வாரம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னாலேயே ஏறி வந்தான். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனோடு அதிகம் பேசுவதில்லை, துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே" என்றான். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு இல்ல? மூஞ்சி ஞாபகம் வரமாட்டேங்குது. ஆனா அவரு இன்னும் என்னைத் தேடிக்கினுதான் இருப்பாருன்னு மட்டும் தோணிக்கினே இருக்கு."

என் கையிலிருந்த புடவை கீழே விழுந்தது. அதற்குள் கீழேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் குனிந்து புடவையை எடுத்து உதறி என் தோளில் போட்டான். தோ வரேம்மா என்று சத்தமாகக் குரல் கொடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அவங்களுக்குத் தெரிய வேணாம்க்கா. பாவம், தாங்க மாட்டாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அன்று இரவு சாப்பிடும்போது அவன் முகத்தில் அதற்கான அடையாளமே இல்லை, மறுநாள் கேட்டதற்கு நான் எப்பக்கா மாடிக்கு வந்தேன் என்றான்.

நாளைக்குத் திங்கட்கிழமை. மனு எழுதிவிட்டேன், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து. ஒருவனுக்கு அவன் வீட்டைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இன்னொருவனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று. போட்டோ வேண்டும் என்பார்கள். அலமாரியைக் கவிழ்த்துத் தேடிவிட்டேன், என் தம்பியின் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.